பறை காய்ச்சியவருக்கும் மைக் செட்டுக்காரருக்கும்

அன்புடையீர்,

எங்கள் சிறிய இசை நிறுவனத்தின் புதிய பாடல் தொகுப்பு வெளிவந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஹிப்-ஹாப்பில் தாளம் கட்டிக் குரலைப் பதிவு செய்து பாட்டை முழுதாக்குவது என் வேலை. அந்த வேலையில் எது யாரிடம் வாங்கியது என்பது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில், மதுரை சிம்மக்கல் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. பள்ளி விடுமுறைகளில் அவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு காதுகுத்து, கிரகப்பிரவேசம், முளைப்பாரி என்று அலைந்திருக்கிறேன். ஒலிபெருக்கிப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் மைக் கூவாது என்பதை அவரிடம்தான் கற்றேன். 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தன் சகோதரி நடத்திய கொண்டாட்டத்தில் கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய இரவைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். அவர் ஜமைக்காவில் பிறந்தவர். அங்கே தெருவில் பெரிய பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடுவது பழைய வழக்கம். இதைச் சொன்னதும் அண்ணன், "அப்படியென்றால் அவரும் செட்டுக்காரர்தானே" என்றார். இந்த இசையைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பறை அடித்துக் கொடுத்த ஐயாவுக்கு என்ன சொல்ல? ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 808 என்னும் தாள இயந்திரம் விலை போகாமல் 1983-இலேயே நின்றுபோனது. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததை ஹிப்-ஹாப்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சில் நெடுநேரம் நிற்கும் அதன் அடியொலிமீது பறையை ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. ஐயா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, "இப்போது எடு" என்பார். தோல் விறைப்பாக இருக்கும்வரை கணீரென்று பேசும். குளிரூட்டிய அறைக்குள் சிறிது நேரத்திலேயே சுருதி இறங்கத் தொடங்கிவிடும். இறங்கிய சுருதியைக் கணினியில் உயர்த்திப் பார்த்தேன். தகரத்தைத் தட்டியதுபோல் ஆனது. அவர் ஒரு காதுக்கருவியை மட்டும் மாட்டிக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்கள் பெட்டியை என் தோலுக்கு வரச் சொல்லுங்கள்" என்றார். அறையின் குளிரூட்டியை அணைத்தோம். ஒவ்வொரு முறை காய்ச்சிய பிறகும் பறை நின்ற சுருதிக்கு 808-ஐத் திருப்பினேன். பறையின் தடித்த அடிக்குச்சி விழும் இடத்தில் இயந்திரத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் செய்து, மெல்லிய சிம்புக்குச்சியின் சலசலப்பைத் தொடாமல் விட்டேன். தொகுப்பின் நான்காம் பாட்டை எல்லாரும் புகழ்கிறார்களே, அதன் தயாரிப்பாளர் உண்மையில் ஐயாதான்.

செல்லூரில் எங்கள் பதிவுக்கூடத்துக்குச் சுவர் ஒட்டிய விசைத்தறிக் கூடத்து அண்ணன்மார்களே, குரல் பதிவு என்று சொல்லியனுப்பினால் தறியை நிறுத்தினீர்கள். தறி நின்றால் கூலி நின்றது என்று அர்த்தம். அந்த நேரத்துக்கு நான் கொடுத்த பணத்தையும் டீக்கணக்கில் கழித்துவிட்டீர்கள். உங்களைத் திட்டாமல் மறு ஷிப்டைப் பார்த்துக்கொண்ட முதலாளிக்கும் வணக்கம்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. நிறுவனம் தொடங்குவதற்கு முன்பு ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தம் நீட்டியது. பாட்டும் கம்பெனிக்கு, வருமானமும் கம்பெனிக்கு என்பதுதான் அதன் சாரம். முன்பணத்தைப் பார்த்து எழுத்தாளத் தம்பிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா பேனாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தை வாசித்துக் காட்டினார். ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி என்னும் உரிமத் தொகையில் தமக்குள்ள சம பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. நாங்கள் சொந்தமாக நிறுவனம் தொடங்கியதற்கு அன்றைய அந்த வாசிப்பே காரணம். கட்டணம் கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றுகிறார்.

ஆரப்பாளையம் ஷேர் ஆட்டோ மாமா, ஒவ்வொரு பாட்டையும் உங்கள் வண்டியின் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்ட பிறகுதான் வெளியிட்டோம். "வார்த்தை புரியவில்லை" என்று நீங்கள் சொன்னதால் இரண்டு பாட்டுகளின் ஒலிக்கலவையை முழுதாக மாற்றினேன்.

அப்பாவைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, கணக்கு. பாடியவர், எழுதியவர், வாசித்தவர் எல்லாருடைய பங்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரும். பறை ஐயா உட்பட நால்வர் இன்னும் கணக்கு எண் தரவில்லை. தயவு செய்து இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், அக்கா திட்டுகிறார்.

அன்புடன்,
செல்லூர்த் தம்பி