வலை பிரின்ட் முடிஞ்சிருச்சு, கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கூட்டு பிரின்ட் ஒருவழியா முடிஞ்சு ஷீட் எல்லாம் காய்ஞ்சிட்டு இருக்கு, அதனால சூட்டோட சூடா இத எழுதிடறேன், இல்லன்னா யாரையாச்சும் விட்டுடுவேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஒரு டீம் கட்டுமரப் படத்த மரப்பலகைல செதுக்கி (வுட்கட்) மை போட்டு அடிக்கும், இன்னொரு டீம் அதே பேப்பர்ல மையே இல்லாம வலைய மட்டும் எம்பாஸ் பண்ணும், அதாவது அழுத்தி மேடா எழும்ப வைக்கும். கேக்க ஈசியா தான் இருந்துச்சு.

முதல் நன்றி காசிமேட்டுல வலை பின்ற தாத்தாவுக்கு. பழைய வலை ஏதாச்சும் இருந்தா குடுங்கன்னு கேட்டதுக்கு, எதுக்குன்னு கூட கேக்காம நூல் வலையும் தங்கூசி (மெல்லிசான நைலான் இழை) வலையும் தனித்தனியா சுருட்டி குடுத்தாரு. நூல் வலையோட முடிச்சு பேப்பர்ல பயறு பயறா எழும்பி நிக்குது, தங்கூசி நகத்தால கீறின மாதிரி மெல்லிசா விழுது. ரெண்டும் கலந்து ஒட்டுனதால தான் வலைக்கு கிட்டக்க தூரம்னு ஒரு ஆழம் வந்துச்சு.

அப்புறம் நம்ம தெரு கார்பென்டர் மாமா. வலைய மவுண்ட் போர்டுல ஃபெவிகால் வச்சு ஒட்டினா ஈரப் பேப்பர் பட்டதும் பசை இளகி பேப்பரோட ஒட்டிக்கும்ல, அதுக்கு அவர்கிட்ட இருந்த செல்லாக்க (மரத்துக்கு அடிக்கிற அரக்கு பாலிஷ்) ரெண்டு பக்கமும் அடிச்சு குடுத்தாரு. காசு வாங்கல. மாமா, டீயாவது குடிக்க வாங்க.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் அண்ணன பத்தி தனியாவே எழுதலாம். எம்பாஸ் பண்ணும்போது கிழிஞ்ச ஷீட்ட கொண்டு போய் காட்டினோம், வெளிச்சத்துல சாய்ச்சு பாத்துட்டு, "அழுத்தம் பத்தலன்னு ரோலர டைட் பண்ணிட்டே போறீங்க, பேப்பர் போறதுக்கு வழி எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. வலை ஒட்டின போர்டு, அதான் நம்ம பிளேட், அதோட ஓரம் செங்குத்தா நின்னா பேப்பர் நார் அறுந்துடும், உப்புத்தாள் போட்டு சரிவாக்குங்கன்னாரு. அவங்க வேலைல பிளாக்குக்கு எதிரா பின்னாடி ஒரு மேடு வச்சு பேப்பர குழிக்குள்ள தள்ளுவாங்களாம், பிளேட்டையும் பேப்பரையும் ரோலருக்கு அடில ஓட்டுற நம்ம எட்சிங் பிரஸ்ல அந்த வேலைய பேப்பர் மேல விரிக்கிற கம்பளி தான் பாக்குது. ஒரு கம்பளிய சேத்து போட்டு, ரோலர கொஞ்சம் லூஸ் பண்ணோம், முடிச்சு ஒவ்வொண்ணும் தனியா தெரிஞ்சுது.

பெரிய தலைவலி என்னன்னா, மை டீம் காய்ஞ்ச பேப்பர்ல அடிச்சு குடுத்துட்டாங்க, எம்பாஸ் பண்ண அத நனைக்கணும், நனைச்சா பேப்பர் விரியும், வலை கட்டுமரத்த விட்டு தள்ளிப் போய் விழும். பாண்டிச்சேரில வாங்கின 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கையால செஞ்ச பேப்பர், மிஷின் பேப்பர் மாதிரி ஒரே பக்கமா இழுக்காம எல்லா பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவா தான் விரியும், அது ஒரு புண்ணியம். நம்ம சீனியர் அக்கா தான் சொன்னாங்க, "நனைஞ்ச ஷீட்ட அளந்து அந்த அளவுக்கு பிளேட்ட வெட்டுங்கப்பா, காயும்போது கட்டுமரமும் வலையும் சேந்தே சுருங்கும்." அவ்ளோ தான் மேட்டர்! அக்கா, கால்ல விழணும் போல இருந்துச்சு. வங்காள ஓவியர், சிற்பி சோம்நாத் ஹோர் 1970கள்ல வெள்ளைப் பேப்பர் கூழ்லயே பண்ணின காயங்கள் வரிசைய எங்களுக்கு காட்டினதும் அவங்க தான், அத பாக்கலன்னா மை இல்லாம ஒரு படம் நிக்கும்னு நாங்க நம்பியிருக்கவே மாட்டோம்.

பழைய வேட்டி குடுத்த அப்பாக்கள், ராத்திரி ஈரப் பேப்பர் கட்டு பூஞ்சை பிடிக்காம பாத்துக்கிட்ட ஸ்டூடியோ வாட்ச்மேன் அண்ணன், எல்லாருக்கும் சேத்து நன்றி.

ஆளுக்கு ஒரு ஷீட் எடுத்து வச்சிருக்கோம், வந்து வாங்கிக்கோங்க. தயவுசெஞ்சு லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, வலை நசுங்கிடும். ஃப்ரேம் போடுறவங்க கண்ணாடி பேப்பர்ல படாத மாதிரி நடுவுல மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்க, ஜன்னலுக்கு நேரா மாட்டாம பக்கவாட்டு சுவர்ல மாட்டுங்க, சைடுல வெளிச்சம் விழுந்தா தான் முடிச்சு தெரியும்.