கோமதிக்கு, பூப்பேன் விஷயமாக

உதகை,
ஆனி மாதம், விடாத மழை

அன்புள்ள கோமதி,

திட்டாதே. தை மாதம் நீ போட்ட கடிதம் மேசை மேலேதான் இருக்கிறது. அதன் மேல் மூன்று ஸ்லைடுகள், ஒரு தூரிகை, ஸ்லைடு ஒட்டுகிற பிசின் கனடா பால்சம் ஒரு குப்பி. பதில் எழுதலாம் என்று கையை நீட்டினால் ஸ்லைடு விழுந்துவிடுமோ என்று பயம். திரும்பவும் அப்படியே விட்டுவிடுவேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியவன் வழக்கம்போல. ராஜி போன் செய்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பேன் கிடைத்திருக்கிறது. சிரிக்காதே, தலையில் இல்லை. காட்டுப்பூவரசம் பூவில், அதுதான் ரோடோடென்ட்ரான்.

கோத்தகிரி ரோட்டில், தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் ஒரு மரம். மாசியில் செக்கச்செவேலென்று பூத்திருந்தது. ஒரு கொத்தை வளைத்து வாய்க்கருகே வைத்து ஊதினேன். ஹாஸ்டலில் நீ பிச்சிப்பூவை ஊதிவிட்டுத்தானே தலையில் வைப்பாய், அதே ஊதல்தான். மூச்சுக்காற்று பட்டால் இதெல்லாம் பூவின் அடியிலிருந்து எழுந்து ஓடி வரும். வெள்ளைத்தாளில் தட்டினேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம். பென்சிலால் லேசாக இழுத்த கீறல் ஒன்று தானே நடந்து போவது மாதிரி. தூரிகை நுனியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து ஆல்கஹாலில் விட்டேன். பதினைந்து.

இதுவும் இலைப்பேன் கூட்டம்தான், திரிப்ஸ். இலைப்பேன் என்றதும் உனக்குப் பற்றிக்கொண்டு வரும், தெரியும். உன் மிளகாய் இலையெல்லாம் மேல்பக்கமாகச் சுருண்டு தோணி மாதிரி ஆகிப் போன கதையைத்தான் அந்தக் கடிதத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, அதன் மேலேயே பேனை வைத்துக்கொண்டு நாலு மாதம் கொஞ்சியிருக்கிறேன். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லாதே. ஆனால் ஏட்டி, இந்தக் கூட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பயிரைக் கெடுப்பது அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பூவிலும் பட்டையிலும் சருகிலும் தன்பாட்டுக்குக் கிடக்கிறது.

ஸ்லைடில் போட்டுப் பார்க்க வேண்டும் நீ. இறக்கை என்பது ஒரு குச்சி, இரண்டு ஓரமும் மயிர்வரிசை, மயிலிறகை உருவிவிட்ட மாதிரி. வாயில் தாடை ஒன்றுதான், இடது. வலது தாடை முட்டைக்குள் இருக்கும்போதே கரைந்துபோய்விடும்.

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்த ராமகிருஷ்ண ஐயர் 1928-லேயே இந்திய இலைப்பேன்களைப் பற்றிப் பெரிதாக எழுதிவிட்டார். அப்புறம் சென்னை லயோலாவில் அனந்தகிருஷ்ணன் ஆயுள் முழுக்க இதே வேலை. அவர்கள் எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு உணர்கொம்பில் எத்தனை கணு, கழுத்தில் எத்தனை நீள மயிர் என்று ஒவ்வொரு கேள்வியாக இறங்கி வந்தேன். கடைசிப் படியில் என் பேன் எதிலும் உட்காரவில்லை. என் பழைய மாணவன் ஒருவனிடம் படம் அனுப்பினேன். "மேடம், புதுசு மாதிரிதான் இருக்கு" என்றான். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. உன் பெயரை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். மிளகாய்க்காரியின் பெயரில் ஒரு இலைப்பேன்!

மறுநாள் காலையில் சந்தேகம் பிடித்துக்கொண்டது. காட்டுப்பூவரசு நம்முடைய மரம் மட்டுமில்லை. இமயமலையிலும் இதே மரம்தான். நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கிடையாது. அங்கே அந்தப் பூவில் குடியிருப்பது எது? அதுவும் இதுவும் ஒன்றாக இருந்தால்? அங்கிருந்து ஸ்லைடு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது. இதற்கு நடுவில் ஆண் வேறு. பதினைந்தில் ஒன்றே ஒன்றுதான் ஆண். இவற்றில் கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் வரும். அந்த ஒன்றையும் நான் கெடுத்தேன். பால்சத்தில் ஒரு குமிழி. அதை விரட்டுகிறேன் என்று மேலே மூடின கவர் சிலிப்பை ஊசியால் லேசாக அழுத்தினேன். வயிறு பிதுங்கி, ஒரு கொம்பு தனியே மிதந்துபோனது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு "அழுத்தாதே" என்று கத்தின கை இது. மரம் இனி மார்கழிக்கு மேல்தான் பூக்கும்.

ஆணைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது, கோமதி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வயிற்றின் எட்டாவது வளையத்தின் பின்னோரத்தில் சீப்பு மாதிரி ஒரு மயிர்வரிசை உண்டு. அது முழுசாக இருக்கிறதா, நடுவில் விட்டுப்போயிருக்கிறதா என்பதை வைத்தே இனங்களைப் பிரிப்பார்கள். பங்குனியில் நான் வரைந்த படத்தில் சீப்பு முழுசாக இருக்கிறது. வைகாசியில் அதே ஸ்லைடு, அதே பேன். நடுவில் இடைவெளி என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது சீப்பே தெரியவில்லை, பால் மாதிரி ஒரு மங்கல். லென்ஸைத் துடைத்தேன், விளக்கை மாற்றினேன். அப்புறம் இடது கண்ணால் பார்த்தேன், கொஞ்சம் தெளிந்தது. வலது கண்ணில் புரை. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். ஆடி கழியட்டும் என்கிறாள் அத்தை. கண் சரியாகிவிடும், அதற்குப் பயமில்லை. ஆனால் புதுசு என்று நான் துள்ளினது பூச்சியைப் பார்த்தா, புரையைப் பார்த்தா? அந்த மாணவன் பார்த்ததும் நான் எடுத்த படத்தைத்தானே, அதில் கால்வாசி கலங்கல்.

அதனால்தான் எழுதுகிறேன். இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறவள் நீதான். ஒரு நாலு நாள் வா. ஃபோகஸ் எல்லாம் நான் வைத்துத் தருகிறேன், நீ பார்த்ததை வரைந்து கொடுத்தால் போதும். முழுசா, இடைவெளியா என்று மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிட்டு வா.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள், போன தடவை மாதிரி என்னுடையதைப் போட்டுக் கிழிக்காதே. முண்டு மிளகாய் மிச்சம் ஏதாவது இருந்தால் அரைக் கிலோ. அண்ணாச்சி கேட்டால் கண் ஆபரேஷனுக்குத் துணை என்று சொல்லிவிடு.

உன்
மீனாட்சி