நடுக்கத்துக்கும் மருந்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சிதைவு மருந்துகளின் பக்கவிளைவுகள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைநடுக்கம், உடல் இறுக்கம் எல்லாம் வரலாம் என்று விரிவாக எழுதியவர், வந்தால் என்ன செய்வது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். என் தம்பி இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவன். அதனால் மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அவனுக்குக் காதில் குரல் கேட்பது நின்றது. ஆனால் சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. நடக்கும்போது கைகள் வீசாமல் விலாவோடு ஒட்டிக்கிடந்தன. எழுத ஆரம்பித்தால் வரி முடிவதற்குள் எழுத்து எறும்பளவு சிறுத்துவிடும். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றார்கள்.

மூளை செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனம் டோபமைன். அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை இந்த மருந்துகள் அடைக்கின்றன. குரல்களை அடக்குவது அதுதான். உடலசைவுக்கும் அதே டோபமைன்தான் வேண்டும் என்பதுதான் சிக்கல். சுமார் 80 சதவீத ஏற்பிகள் அடைபட்டால் பார்க்கின்சன் நோய் போன்ற இறுக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. முதலில் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. அப்புறம் டிரைஹெக்சிஃபெனிடில் என்ற நடுக்க மாத்திரை. நடுக்கம் அடங்கியது, வாய் வறண்டது, மலச்சிக்கல், போதாததற்கு மறதி வேறு.

அடுத்து வந்தது அமன்டடின். 1966-ல் அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்புக்கு அனுமதி பெற்ற மருந்து. ஃப்ளூவுக்காக அதைச் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளிப் பெண்ணுக்கு இறுக்கம் தளர்ந்ததைக் கவனித்து, 1969-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அது டோபமைனை அதிகம் சுரக்கவைக்கிறது. "அடைக்கவும் மருந்து, ஊறவைக்கவும் மருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அதன் வேகம் மிதமானது, பார்க்கின்சனுக்குத் தரும் லீவோடோபா மருந்து போல முரட்டுத்தனமானதல்ல என்றார். ஆனாலும் தூக்கம் கெட்டாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ உடனே வரச்சொன்னார். சிறுநீரகப் பரிசோதனையும் செய்தார். தம்பி இப்போது பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான், மெதுவாக.

நடுக்கத்துக்குப் பயந்து மனச்சிதைவு மாத்திரையையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. திரும்பக் குரல் கேட்க ஆரம்பித்தால் என்ன செய்வார்கள்? நிறுத்துவதற்கு முன், நடுக்கத்துக்கு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. ஓரிடத்தில் உட்காரவிடாமல் கால் பரபரக்கும் தவிப்பு வேறு வகை. அதற்குப் பெரும்பாலும் புரோப்ரனலால் தருகிறார்கள். கட்டுரையாளரை அதைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா