கடைக்கு வராத மருந்து

பள்ளத்தூர்,
ஞாயிறு இரவு

சௌ. உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது. நானும் உங்க ஆத்தாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டியாரை வேண்டிக்கொள்கிறோம்.

காலையில் நீ போனை வைத்த பிறகு உங்க ஆத்தா என்னிடம் வந்து, "எலிக்குக் கல்லீரல் கெட்டதுக்கு இவ ஏன் அழுகிறா?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். நாலு வருஷமாக ஒரு சேர்மத்தை மருந்தாக்க இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்துச் செதுக்கி வந்தீர்கள். பிடிக்க வேண்டிய புரதத்தை அது சரியாகத்தான் பிடித்தது. ஆனால் எலியின் கல்லீரல் தாங்கவில்லை, கம்பெனி அந்த வேலையையே மூடிவிட்டது. "சரி, வேற வேலை குடுப்பாகல்ல?" என்றாள். குடுப்பார்கள், விஷயம் அது இல்லை என்றேன். "நாலு வருஷம் வீண், அப்பச்சி" என்று நீ சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. போனில் எனக்கு எப்போதும் வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்க ஐயாவை, என் தகப்பனாரை, நீ பார்த்ததில்லை. வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக ரங்கூன் போய், மேலாளாகத் திரும்பியவர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்களுக்கு வயிற்றுவலிதான். நடுச்சாமத்தில் எழுந்து, பித்தளைச் செம்பை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு முகப்பில் உட்கார்ந்திருப்பார்கள். உங்க அப்பத்தா பாலைக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டில் தினமும் இரண்டு குழம்பு, எங்களுக்கு ஒன்று, மிளகும் வரமிளகாயும் படாமல் ஐயாவுக்கு ஒன்று. செட்டிநாட்டு வீட்டில் காரம் இல்லாத குழம்பு வைப்பது எவ்வளவு பெரிய துக்கம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் 1974-ல் மதுரையில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் ஒரு பாதியை எடுத்தார்கள். வலி போனது. ஆனால் அதற்கப்புறம் நாலு வாய் கூடச் சாப்பிட்டாலே வேர்த்து, தலை சுற்றிவிடும். தன் அறுபதாம் கல்யாணத்துப் பந்தியில் இரண்டு இடியாப்பத்தோடு எழுந்தார்கள்.

1985-ல் நான் மருந்துக்கடை திறந்தபோது, வயிற்றுப்புண்ணுக்கு ராணிடிடின் புது மாத்திரை. ஐயாவுக்கு இருந்த அதே வலியோடு வந்தவர்கள் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கிப் போவார்கள். ஒன்றரை மாதம் கழித்து இருமலுக்கோ காய்ச்சலுக்கோ வருவார்கள், வயிற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்குக் கோபமாக வரும்.

அந்த மாத்திரை வந்த கதையை எனக்குச் சொன்னதே நீதான். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு லீவில், பட்டாலையின் ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் ஹிஸ்டமினை வரைந்து காட்டினாய். ஆத்தா திட்டிக்கொண்டே துடைத்தாள். உனக்கு மறந்திருக்கும். நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து.

வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்வது ஹிஸ்டமின். அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன, ஆனால் வயிற்று அமிலத்தை அவை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் ஹிஸ்டமின் போய் உட்கார இரண்டாவதாக ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டார். அந்த இடத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1964-ல் இங்கிலாந்தில் வேலை தொடங்கினார்கள். முதல் நாலு வருஷத்தில் ஏறக்குறைய 200 சேர்மங்கள் செய்தும் தடுக்கக்கூடியது ஒன்றும் அமையவில்லை. (நாலு வருஷம், கவனி.) அப்புறம் ப்யூரிமமைடு வந்தது. தடுத்தது, ஆனால் வாயால் விழுங்கினால் உடம்பில் சேரவில்லை. அடுத்தது மெட்டியமைடு. விழுங்கலாம், புண்ணும் ஆறியது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் சில நோயாளிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. நிறுத்திவிட்டார்கள்.

ஐயாவை மதுரையில் மேஜையில் கிடத்தியதும் அங்கே மெட்டியமைடைக் கைவிட்டதும் ஏறக்குறைய ஒரே காலம். நீ சொன்னபோது இதை நான் யோசிக்கவில்லை. இன்றைக்குத்தான் யோசித்தேன்.

மெட்டியமைடில் இருந்த, கந்தகம் கொண்ட தயோயூரியாத் துண்டின் மேல் சந்தேகப்பட்டு, அதை எடுத்துவிட்டு சயனோகுவானிடின் என்ற வேறு துண்டை வைத்தார்கள். அதுதான் சிமெட்டிடின். 1976-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது, அதன் பின்னால்தான் ராணிடிடின். பிளாக்குக்கு 1988-ல் நோபல். மெட்டியமைடு என்று சீட்டில் எழுதிக்கொண்டு என் கடைக்கு ஒருவரும் வந்ததில்லை. ஆனால் அது தடுக்கி விழுந்த இடம் தெரிந்ததால்தானே எதை மாற்றுவது என்று தெரிந்தது?

நீ உடனே, "அவங்களுக்கு அடுத்த படி இருந்தது அப்பச்சி, எங்களுக்குக் கதவையே சாத்திட்டாங்க" என்பாய். உண்மைதான். அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை 1912-லேயே பிராகில் இருவர் செய்து வைத்துவிட்டார்கள், எதற்கு உதவும் என்று தெரியாமலே. நாற்பது வருஷம் கழித்துத்தான் காசநோய்க்கு அது கேட்கும் என்று தெரிந்தது. உன்னுடையதும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். கொடுத்த கடன் எல்லாம் வசூலாகும் என்று எந்தச் செட்டியாராவது சொன்னால் நம்பாதே.

இன்னொன்று. பிளாக் பிடித்ததும் கடைசி வார்த்தை இல்லை. அந்தப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மற்ற டாக்டர்கள் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல். வலி மாத்திரைகளாலும் புண் வரும், அது வேறு. இப்போது கிருமி இருந்தால் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கோடு முடிந்துவிடுகிறது. உங்க அப்பத்தா அத்தனை வருஷம் மிளகின் மேல் போட்ட பழியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது. அந்த ராணிடிடினும் அப்படியே நிலைத்துவிடவில்லை. அதில் கெட்ட பொருள் ஒன்று உண்டாகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள்.

போன மாதம் இரண்டாங்கட்டில் பெட்டகத்தைத் துடைத்தபோது ஐயாவின் ரங்கூன் பேரேடு கிடைத்தது. செல் ஓரத்தை அரித்திருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. 1942-ல் ஓடி வந்த பிறகு வராமலே போன பாக்கிகள், பர்மாக்காரர்களின் பெயர்கள். ஒரு வரியைக்கூட ஐயா அடிக்கவில்லை.

உன் சேர்மத்துக்குப் பெயர் வைத்தீர்களா, வெறும் எண்தானா? வெளியே சொல்லலாம் என்றால் எழுதி அனுப்பு. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

அடுத்த மாதம் தேவகோட்டைப் பையன் ஒருவன் நீ இருக்கும் பாசலுக்கு வருகிறான். சீப்புச் சீடையும் மனகோலமும் கொடுத்துவிடுகிறோம். உப்புக்கண்டம் கேட்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்பச்சி