கடல் மணலில் ஓர் இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகளோடு மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய், கடற்கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. எனக்கோ சந்தோஷம். போய் வா தாயி. மணலில் படுப்பது நம் சனங்களுக்குப் புதிதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் வைகை மணலில்தான் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக் கிடந்தார்கள்.

ஆனால் வைகையில் அணையைத் திறந்தால்தான் தண்ணீர் வரும், அதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கடல் தினமும் தானாக ஏறும், தானாக இறங்கும். பல கரைகளில் நாளுக்கு இரண்டு முறை, சில இடங்களில் ஒரே முறை. நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஆகவே கோலா பெசுட் துறையில் படகு ஏறும்போதே படகுக்காரரிடம், "இன்று ராத்திரி தண்ணீர் எப்போது ஏறும், எதுவரை வரும்?" என்று கேட்டுவிடு. தீவில் இறங்கியதும் நீயும் பார். காய்ந்த பாசியும் குச்சியும் சிப்பியும் ஒரு கோடு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். அதுவரை கடல் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே தள்ளித்தான் கூடாரம். வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை முடிவு செய்துவிடுங்கள். நிழலாக இருக்கிறதே என்று தென்னை மரத்தடிக்கு மட்டும் போக வேண்டாம். காற்றே இல்லாமலும் காய் விழும், மட்டை விழும்.

அப்புறம் முளைக்குச்சி. பள்ளிக்கூடத்து ஸ்கவுட் பையன்களை நாகமலைப் பக்கம் கூட்டிப்போகும்போது கெட்டி மண்ணில் சுத்தியலால் அடித்தால் போதும், முளை அசையாது. ராமேஸ்வரம் பக்கம் கடற்கரையில் முகாம் போட்டபோதுதான் பார்த்தேன், உலர்ந்த மணலில் எவ்வளவு ஆழமாக அடித்தாலும் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அங்கிருந்த மீனவர் ஒருவர் காட்டிக் கொடுத்த வழி இது. சின்னத் துணிப்பை நிறைய மணலை அள்ளி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும். பை இல்லையென்றால் ஒரு கட்டையைக் குறுக்கே படுக்கப் போட்டுப் புதைக்கலாம். மேலே கிடக்கும் மணலின் பாரமே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இது ஒன்றை மட்டும் கிளம்புவதற்கு முன் எங்காவது செய்து பார்த்துக்கொள்.

அந்தத் தீவுகளில் பச்சை ஆமைகள் முட்டையிட ராத்திரியில் கரையேறும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கத்தைக் கடல் என்று நம்பித்தான் ஓடும், உங்கள் டார்ச்சை நம்பி எதிர்ப்பக்கம் ஓடினால் விடிவதற்குள் செத்துப்போகும். ஆமை ஏறும் கரை எது என்று அங்குள்ளவர்களைக் கேட்டு, அதை விட்டுவிட்டு வேறு கரையில் தங்குங்கள். பவளத்தையும் தொடாதே, மிதிக்காதே, நினைவுக்கென்று ஒரு துண்டுகூட எடுக்காதே. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அள்ளி அள்ளி, அரணாக இருந்த பவளப்பாறை போய், இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் போனது போனதுதான். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

சாப்பாட்டுக்குக் கருவாடு கொண்டு போகாதே. அங்கே உடும்பும் குரங்கும் உண்டு, வாசனை பிடித்து வந்துவிடும். எதையும் இறுக்கி மூடி வை. குடிதண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றில் தாகம் அதிகம் எடுக்கும். மணல் ஈக்கடிக்கு எண்ணெய் அவசியம், கடித்த இடத்தைச் சொறிந்தால் நாள்கணக்கில் ஆறாது.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியை நீ சின்னப் பிள்ளையாக டிவியில் பார்த்திருப்பாய். தரை நடுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ கூடாரத்தை, போனை, எதையும் எடுக்க நிற்காதே. எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடு. பகலிலேயே அந்த மேட்டுக்கு வழி எது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடு. இதை அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே வடகிழக்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். அதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள். அம்மா புளிக்காய்ச்சல் கிளறி அனுப்புகிறேன் என்கிறாள், சோறு மட்டும் நீங்கள் வடித்துக்கொண்டால் போதும். எத்தனை பேர் போகிறீர்கள் என்று சொல்லு, அந்த அளவுக்குக் கிளறச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
செல்லூர், மதுரை