முதலில் கெஜட், பிறகுதான் லைசென்ஸ்

மதிப்பிற்குரிய மாநில நில நிர்வாக அதிகாரிகளுக்கும் பூர்வக்குடி நல அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தோட்டத்து மக்களான எங்கள் பட்டணத்துக்கு மேலே, மலேசியாவின் ஓராங் அஸ்லி என்னும் பூர்வக்குடிகளில் ஒரு பிரிவினரான தெமியார் மக்களின் ஆற்றோரத்துக் கம்போங்கின் (கிராமத்தின்) முகப்பில் போன மாதம் ஒரு பலகை நட்டீர்கள். 'அரசு நிலம், அத்துமீறி நுழையக்கூடாது' என்று எழுதி, கீழே தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆம் பிரிவையும் குறித்திருக்கிறீர்கள். பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் டுரியான் மரங்களை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தக் கம்போங்கின் பெரியவர்கள். அவர்களை அத்துமீறியவர்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

கோப்பின் கதை உங்களுக்குத் தெரியும். நலத்துறை விண்ணப்பித்தது, மாவட்ட நில அலுவலகம் வரைபடத்தோடு மேலே அனுப்பியது, ஆட்சிக்குழு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. அடுத்து நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டு, 1954-ஆம் ஆண்டு ஓராங் அஸ்லி சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி பூர்வக்குடி நிலம் என்று அரசிதழில் (கெஜட்டில்) வெளியிட்டிருக்க வேண்டும். கோப்பு அங்கேதான் படுத்துவிட்டது. 'ஒப்புதல் ஆயிற்று, கெஜட் ஆகவில்லை' என்ற நிலையில் தீபகற்பம் முழுக்கப் பல கம்போங்குகள் கிடக்கின்றன. கெஜட் ஆகாததால் அது அரசு நிலம் என்கிறீர்கள். அரசு நிலம் என்பதால் மரம் வெட்ட லைசென்ஸ் கொடுக்கிறீர்கள். லைசென்ஸ் கொடுத்தபின் அதையே காரணம் காட்டி கெஜட்டைத் தள்ளிப்போடுகிறீர்கள். எங்கள் கோரிக்கை இதுதான்: முதலில் கெஜட், பிறகுதான் லைசென்ஸ் பற்றிய பேச்சு.

இந்தத் தாமதம் என்ன செய்கிறது என்று அறியக் குழாயடியில் நிற்க வேண்டும். அந்தக் கம்போங்குக்கு வருவது மலைத் தண்ணீர். மேலே ஓடையின் குறுக்கே ஒரு சிறிய சிமெண்டுத் தடுப்பு, அதில் கம்பிவலை பொருத்திய வாய், அங்கிருந்து சரிவில் இறங்கித் தொட்டிக்கு வரும் பாலி பைப். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஓடை தெளிவாக இருக்கும்வரை இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. புல்டோசர் மேலே ஏறியதும் அது கெடுகிறது. சரிவை வெட்டித் தள்ளிய மண் பாதையோரம் குவிகிறது. மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடக் குறுக்கு வாய்க்கால் வெட்டாததால் மரம் ஏற்றும் பாலாக் லாரியின் சக்கரத்தடமே வாய்க்காலாகி அத்தனை மண்ணையும் ஓடைக்குள் இறக்குகிறது. ஓடையைக் கடக்கப் பாலம் கட்டாமல் மரக்கட்டைகளை அடுக்கி மேலே மண் கொட்டுகிறார்கள். அது அடைத்துக்கொண்டு, பெருமழையில் உடைந்து, மொத்தமாக வருகிறது.

பிறகு நடப்பதைச் சொல்கிறோம். தடுப்புக்குள் சேறு நிரம்பும். கம்பிவலையை இலையும் களிமண்ணும் மூடும். உள்ளே போன மணல் பைப் தாழும் இடங்களில் தங்கி இறுகும். மேடேறும் இடங்களில் காற்று சிக்கும். இணைப்புகளைக் கழற்றி, அலசி, காற்றை வெளியேற்றி, மறுபடி பூட்ட வேண்டும். அடுத்த மழைக்கு அதே வேலை. குளோரின் கொடுத்தோம் என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். கலங்கல் தண்ணீரில் மண் துகள்கள் கிருமியை மறைத்துக்கொள்ளும். தெளிய வைக்காமல் குளோரின் போட்டால் சரியாக வேலை செய்யாது. படிகாரம் போட்டுத் தெளியக் காத்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது?

'மக்கள் சம்மதித்துவிட்டார்கள்' என்கிறது உங்கள் பதில் கடிதம். ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. வருகைத் தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்த வருகைத் தாள்தான் சம்மதத் தாளாகக் கோப்பில் இருக்கிறது. 2007-இல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது மலேசியா ஆதரித்து வாக்களித்தது. அதன் 32-ஆம் பிரிவு, நிலத்தைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி, விவரம் தெரிந்து தரும் இசைவைக் கேட்கிறது. அப்படியென்றால் வெட்டும் பகுதியும் லாரிப் பாதையும் தண்ணீர்த் தடுப்பும் குறித்த வரைபடத்தை முதலில் கம்போங்கில் கொடுத்துவிட்டு வர வேண்டும். தெமியார் மொழியில் விளக்க வேண்டும். அந்தப் பாதையை அவர்கள் காட்டில் நடந்து பார்க்க அவகாசம் தர வேண்டும். கம்போங் தலைவரான தோக் பாத்தின் ஒருவரின் கையெழுத்து போதாது. மரவள்ளிக் கொல்லையையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் பெண்களையும் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். வீடுகள் நிற்கும் இடத்தை மட்டும் சுற்றிக் கயிறு பிடித்தால் அது கம்போங் ஆகாது. மலைநெல் விதைத்து, சில ஆண்டுகள் ஆறப்போட்டு, திரும்பி வரும் நிலம் உங்கள் வரைபடத்தில் வெறும் காடாகத் தெரிகிறது. இடுகாடு, பெட்டாய் மரங்கள், பிரம்பு எடுக்கும் காடு, ஓடையின் தலைப்பகுதி எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். ஓடையின் தலை வெளியே போனால் தண்ணீரும் போனதுதான்.

சட்டம் உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலாங்கூர் புக்கிட் தம்போயில் நெடுஞ்சாலைக்காக வெளியேற்றப்பட்ட தெமுவான் பூர்வக்குடி மக்களுக்கு முதலில் மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் பணம் கிடைத்தது. அவர்கள் தொடுத்த சாகோங் பின் தாசி வழக்கில் 2002-இல் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலத்துக்கே இழப்பீடு உண்டு என்றன. கெஜட் செய்யாமல் விட்டது அரசாங்கம் தன் பாதுகாவலர் கடமையை மீறிய செயல் என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2013-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பூர்வக்குடிகளின் நில உரிமை பற்றிய தன் தேசிய விசாரணையை முடித்து 18 பரிந்துரைகளை வைத்தது. இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? 2019-இல் கிளந்தானின் குவாலா கோ கம்போங்கில் பாத்தேக் பூர்வக்குடி மக்கள் தட்டம்மையில் மடிந்த பிறகுதான் அவர்கள் என்ன குடிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. ஒவ்வொரு முறையும் சாவு வந்துதான் கேள்வி வர வேண்டுமா?

தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் ஓராங் அஸ்லி மக்களைக் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். பலர் நோயில் இறந்தார்கள். தோட்டத்து லயன்களையும் அப்போது முள்வேலிக்குள் வைத்தார்கள். தோட்டம் கைமாறும்போதெல்லாம் 'வீட்டைக் காலி செய்' என்ற நோட்டீஸ் நம் மக்களுக்கும் வந்தது. தலைமுறை தலைமுறையாக ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் கையில் ஒரு காகிதம் இல்லாமல் வெளியேறினார்கள். அதே நோட்டீஸ் இப்போது மேலே போகிறது. பார்த்துக்கொண்டு இருக்க எங்களால் முடியாது.

கோபத்தில் எழுதிய வரிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்கிறோம். அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். வெட்டு வேலையை நிறுத்தி வையுங்கள். கம்போங் மக்கள் தாங்களே வரைந்த எல்லை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களோடு நடந்து நிலத்தை அளந்து, அரசிதழில் வெளியிடுங்கள். அதுவரை புதிய லைசென்ஸ் எதுவும் வேண்டாம். பருவமழைக்கு முன் தடுப்பிலும் பைப்பிலும் உள்ள மண்ணை எடுத்துத் தாருங்கள்; செலவு லைசென்ஸ் பெற்றவருடையதாக இருக்கட்டும். பதிலை எங்களுக்கு மட்டும் அனுப்பாமல் தோக் பாத்தினுக்கும் எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆற்றின் கீழ்ப்பக்கத்துத் தோட்ட மக்கள்