நார்னியாவின் சிங்கமும் காட்டிக்கொடுத்த சிறுவனும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பாடசாலைகளில் 'நார்னியா' திரைப்படத்தைக் காட்டுவது மறைமுக மதப் பிரசாரம் என்று தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சைவ சமயத்தவனும் வன்னியில் நீண்டகாலம் படிப்பித்தவனுமாகிய எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை.

சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட சிறுவர் நாவலைத் தழுவி 2005இல் வெளிவந்த இப்படத்தின் கிறிஸ்தவ உட்பொருளில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நார்னியா போன்றதோர் உலகம் இருந்து, கிறிஸ்து அங்கே மீட்பராகச் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கற்பனையிலிருந்தே அஸ்லான் என்ற சிங்கம் பிறந்ததாக லூயிஸே தம் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். பிடரி மழிக்கப்பட்டு, ஏளனத்துக்கு ஆளாகி, கல்மேடையில் அஸ்லான் கொல்லப்படுவதைப் பார்க்கும் எவருக்கும் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் மன்னார்ப் பகுதியின் தவக்கால நாடகமான பாஸ் நினைவுக்கு வரும். விடியும்போது கல்மேடை இரண்டாகப் பிளப்பதில் எருசலேம் ஆலயத்தின் திரை கிழிந்ததையும், அங்கு நிற்கும் இரு சிறுமியரில் கல்லறைக்குச் சென்ற பெண்களையும் காணலாம்.

ஆனால் சிங்கம் யார் என்று கண்டுபிடித்ததோடு நம் விவாதம் நின்றுவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுபவன், நார்னியாவுக்குள் செல்லும் நான்கு உடன்பிறந்தோரில் ஒருவனான எட்மண்ட். இனிப்புக்கும் அரசனாகும் ஆசைக்கும் இணங்கித் தன் சகோதரங்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்தவன் அவன். காட்டிக்கொடுத்தவனின் இரத்தம் ஆதிச் சட்டப்படி தனக்கே உரியது என்று அவள் வந்து கேட்கும்போது, அஸ்லான் அந்தச் சட்டத்தை மறுக்காமல் தன் உயிரையே ஈடாகக் கொடுக்கிறது. அதற்கு முன்பே, மீட்டுக் கொண்டுவரப்பட்ட சிறுவனோடு அது தனித்து நின்று பேசுகிறது. என்ன பேசியது என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. பின்னர் அவனை உடன்பிறந்தோரிடம் ஒப்படைத்து, நடந்து முடிந்ததைப் பற்றி இனி அவனிடம் பேச வேண்டியதில்லை என்கிறது. காட்டிக்கொடுத்தவன் என்ற பழி ஒருவரையும் அவர் குடும்பத்தையும் எத்தனை காலம் துரத்தும் என்பதை அறிந்த வன்னியில், பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி இது.

படம் இலண்டன் மீதான ஜேர்மன் குண்டுவீச்சோடு தொடங்குகிறது. எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடும்போது, தகப்பனின் படத்தை எடுக்க எட்மண்ட் வீட்டுக்குள் திரும்பி ஓடுகிறான். நாவலில் இல்லாத இச்சேர்க்கை, பின்னால் தவறப்போகும் பிள்ளையின் ஏக்கத்தை முன்கூட்டியே உணர்த்துகிறது. போரைக் கண்ட நம் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாவலில் சுருக்கமாக முடியும் போரைப் படத்தில் நீட்டியது மட்டுமே எனக்குக் குறையாகத் தெரிகிறது.

சைவ மக்களின் காத்தவராயன் கூத்தில் நாயகன் கழுமரம் ஏறும் கட்டத்தில் கண்கலங்கிய கிறிஸ்தவ அயலவர்களை நான் கண்டிருக்கிறேன். அதனால் அவர்களின் விசுவாசம் குறைந்ததில்லை. எனவே அதிபர்கள் இப்படத்தைத் தடுக்காமல், காட்டும் நாளில் சைவநெறி ஆசிரியரையும் கத்தோலிக்க ஆசிரியரையும் ஒன்றாக இருத்தி, இதன் கிறிஸ்தவப் பொருளை மாணவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லி, எட்மண்டைப் பற்றி அவர்களைப் பேசவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
புதுக்குடியிருப்பு.